வீரம்மாள் தூக்கி வந்த சவுக்குக் கம்பு

வீரம்மாளைக் கருங்காலி என்று முதலில் சொன்னவன் டீக்கடை வெள்ளைச்சாமி. யாரிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னான் பாருங்கள்! செங்கொடி பிடித்த குற்றத்துக்காகப் பண்ணையார் வீட்டு வாசலில் தலைமுடியைப் பிடித்து இழுத்தபோதும் கொடியை விடாதவளிடம். இவன் மதுரைப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு ரயில் ஏறுவதற்குப் பல வருஷம் முன்பே வேலைநிறுத்தம் நடத்திப் பார்த்தவளிடம். ஐப்பசி மழையில் நாள்கணக்காக நனைந்து, இடுப்பு வரை கரிச்சேறு அப்பிக்கொண்டு வந்து நின்றவளின் முகத்துக்கு நேரே கிளாஸைக் கவிழ்த்து வைத்தான்.

"கருங்காலிக்கெல்லாம் இங்க டீ கெடையாது. போ, போ."

அந்தக் கடை சுரங்கத் தொழிலாளர் சங்கக் கொட்டகையை ஒட்டிப் போட்டது. வீரம்மாள் தன் ஆயுளில் மற்றவர்கள் குடித்த அதே கிளாஸில் டீ குடித்தது அங்கேதான். அவளுடைய பழைய ஊரில் அவள் தெருக்காரர்களுக்குக் கடையின் பின்பக்கம் கொட்டாங்கச்சியில் ஊற்றுவார்கள். இங்கே சங்கத்தார் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், எல்லாருக்கும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சு என்று. முதல்முறை அந்தக் கிளாஸைக் கையில் வாங்கியபோது அவளுக்குச் சூடு உறைக்கவில்லை. சாதியைக் காட்டி மறுத்திருந்தால்கூட அவளுக்குப் பழகிப்போன வலிதான். சங்கத்தின் பெயரால் மறுத்தான் அல்லவா, அதைத்தான் அவளால் சாகும்வரை விழுங்க முடியவில்லை.

கம்மாபுரத்துக்குக் கிழக்கே இருந்த ஒரு ஊரில் பிறந்தவள் வீரம்மாள். இருந்த என்றுதான் சொல்ல வேண்டும், அந்த ஊர் இப்போது சுரங்கத்துக்குள் போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை. பொழுது விடிவதற்குள் பண்ணையாரின் காரியக்காரன் தெருவுக்கு வந்து குடிசைக் கூரைகளைத் தடியால் தட்டுவான். பிள்ளை பெற்றவளாக இருந்தாலும் சரி, காய்ச்சலில் கிடப்பவளாக இருந்தாலும் சரி, எழுந்து போக வேண்டும். கொடி வந்த பிறகுதான் அந்தத் தடி நின்றது. சும்மா நின்றுவிடவில்லை. கடலூர்ப் பக்கத்துத் தோப்பிலிருந்து மாட்டு வண்டியில் வந்த நல்ல சவுக்குக் கம்பு ஒன்றைத் தெருமுனையில் நட்டு, கொடியைக் கட்டி, அதன் அடியில் உட்கார்ந்துகொண்டு, முற்றிய கதிரை அறுக்க மாட்டோம் என்று சொன்னார்கள். சொன்னவர்களில் முன்னால் நின்றவள் வீரம்மாள். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அந்த அறுப்பு நிறுத்தத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். எல்லாரும் கொடியடியில் உட்கார்ந்திருந்தபோது பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. வயலில் தண்ணீர் நின்று கதிர் சாயத் தொடங்கியது. வீரம்மாளும் இன்னும் சில பேரும் மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டி நீரை வடியவிட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு மறுபடி வந்து கொடியடியில் உட்கார்ந்தார்கள். "என்னா, பயந்துட்டீங்களா?" என்று கேட்ட காரியக்காரனுக்கு வீரம்மாள் சொன்ன பதில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். "நாங்க நட்ட பயிரு. அத எதுக்கு அழிய வுடணும்? வம்பு ஒங்க பண்ணையாரோடதான்." அறுக்க மறுப்பது வேறு, வெள்ளத்தை வடியவிடுவது வேறு. நஞ்சை மண்ணில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வரப்பு வெட்டப் போனவர்களை அன்று ஒருவரும் துரோகி என்று சொல்லவில்லை.

பிறகு நிலத்துக்கடியில் கரி இருக்கிறது என்றார்கள். பண்ணையார் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு சிதம்பரத்தில் வீடு கட்டிக்கொண்டு போனார். குடிசை போட்டிருந்த மனையும் அவர் பெயரில்தான் இருந்தது என்பதால், குடிசைக்காரர்களுக்கு யாரும் எதுவும் தரவில்லை. மண் தள்ளும் மிஷின் தெருவுக்குள் வந்த அன்று வீரம்மாளின் கணவன் கண்ணையன் கூரை மூங்கிலைப் பிரித்துக்கொண்டிருந்தான். வீரம்மாள் கொடிக்கம்பைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"இத எதுக்குடி தூக்கிக்கினு வர்ற? அடுப்புக்கா?"

"நெலத்த எடுத்துக்கினான், ஊர எடுத்துக்கினான். இதையும் அவனுக்கே வுட்டுட்டு வரணுமா? சும்மா ஒரு கை புடி."

சுரங்கத்தை ஒட்டிய புறம்போக்கில் குடிசை போட்டுக்கொண்டு இருவரும் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார்கள். என்ன வேலை? அதே வாய்க்கால் வேலைதான். நெய்வேலிக் கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. பம்புகள் இராப்பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியிலிருந்து கசிவதும் மேலிருந்து பெய்வதும் சுரங்கத் தரையில் வெட்டிய வாய்க்கால்கள் வழியாகப் பம்புக் குழிக்குப் போய்ச் சேர வேண்டும். மண்ணும் கரித்தூளும் சேர்ந்து அந்த வாய்க்கால்களைக் களிபோல அடைத்துக்கொள்ளும். அதை வெட்டிச் சட்டியில் அள்ளி எறிகிறவர்கள் வீரம்மாளும் அவள் கூட்டத்தாரும். கரி வெட்டும் ஜெர்மன் மிஷினைப் பார்க்க மந்திரிகள் வருவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். வாய்க்காலைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. அந்த நீரில் நின்று நின்று கண்ணையனின் இடது காலில் விரலிடுக்குப் புண் ஆழமாகப் போய்விட்டது. நகரத்து ஆஸ்பத்திரி கம்பெனி ஆட்களுக்கு மட்டும். இவன் வடலூருக்கு நொண்டிக்கொண்டே போய் ஒரு கம்பவுண்டரிடம் மருந்து போட்டுக்கொண்டு வருவான்.

மெயின் ரோட்டில் சங்கக் கொட்டகை போட்டபோது ஒல்லி மூங்கிலில் கொடி கட்டினார்கள். முதல் காற்றிலேயே முறிந்தது. அன்று சாயங்காலம் வீரம்மாளும் அவள் தோழி செங்கமலமும் சவுக்குக் கம்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். சங்கச் செயலாளர் மாடசாமி அதைப் பார்த்துக் கண் கலங்கினார். நடிப்பில்லை. தூத்துக்குடி மில்லில் சங்கம் வைத்ததற்காக வேலை போய், ஜெயிலும் பார்த்து, இங்கே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக வந்து சேர்ந்தவர். "வயலில் நின்ற கம்பில் சுரங்கத்தின் கொடி பறக்கிறது, தோழர்களே" என்று மைக்கில் பேசினார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. அவரைப் பொல்லாதவர் என்று சொல்லிவிட்டால் நமக்கும் மனசு ஆறிப்போகும். அவர் பொல்லாதவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் வேலைநிறுத்தம் வந்தது. சம்பளம், குவார்ட்டர்ஸ் என்று பல கோரிக்கைகள். அதோடு காண்ட்ராக்ட் ஆட்களையும் பெர்மனெண்ட் ஆக்க வேண்டும் என்று ஒன்று. வீரம்மாளுக்கு அந்த ஒன்று போதும். பெர்மனெண்ட் ஆனால் ஆஸ்பத்திரி உண்டு, ஆஸ்பத்திரி உண்டென்றால் கண்ணையனுக்குக் கால் உண்டு. அவள் கணக்கு அவ்வளவுதான். குடிசை குடிசையாகப் போய்ப் பேசி, வாய்க்கால் ஆட்கள் ஒருவர் விடாமல் வெளியே வரச் செய்தாள்.

வந்த உடனே மழையும் வந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மத்தியானச் சோற்று நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு மாடசாமி தனியாகக் குடிசைப் பக்கம் வந்தார்.

"வீரம்மா, ஒரு முக்கியமான சோலி. பம்பு ஆட்கள உள்ள வச்சிருக்கோம், அது ஒப்புக்கிட்ட விஷயம். ஆனா வாய்க்கா அடைச்சிட்டுன்னா பம்பு இருந்து என்ன செய்ய? சுரங்கம் முங்கிரும். நாளைக்கு ஜெயிச்சு வேலைக்குப் போக சுரங்கம் இருக்கணும்லா?"

"எறங்கி வெட்டணும், அவ்ளோதானே தோழரே? எங்க ஊரு அறுப்பு நிறுத்தத்துலயும் இப்படித்தான் மழை வந்துச்சு. போய் மடைய தெறந்து வுட்டுட்டுதான் வந்து ஒக்காந்தோம்."

"கிழக்குச் சரிவு வழியா எறங்குங்க. சுரங்க வாசல்ல மறியல்ல இருக்கவங்ககிட்ட இப்பொ சொல்ல வேண்டாம், ரொம்பச் சூடா இருக்கானுக. நேரம் பாத்து நானே சொல்லுதேன். நான் பாத்துக்கிடுதேன்."

புண்காலைத் தூக்கி மணைமேல் வைத்துக்கொண்டிருந்த கண்ணையன் வாயைத் திறந்தான். "நாலு பேரு முன்னால ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நல்லதுங்க."

வீரம்மாளுக்குச் சுருக்கென்று வந்தது. "சும்மா இரு. தோழரு வாயால சொல்றாரு, அதுக்கு மேல நாலு பேரு எதுக்கு ஒனக்கு?"

வயலில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது இங்கேயும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் செய்த தப்பு இது ஒன்றுதான். இங்கே வாசலில் நின்றவர்கள் பல ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். பலருக்கு மில் தெரியும், ஆபீஸ் தெரியும். மடை தெரியாது. மடையை ஏன் திறக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல வேண்டிய மனுஷன் சொல்லாமல் இருந்தார்.

மழை விடும்வரை தினமும் இறங்கினார்கள். சரிவு வழுக்கும். மேலே நின்ற மண்சுவர் எந்த நேரம் சரியுமோ என்ற பயம் வேறு. வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் கண்ணையனும் இறங்கினான். மழை வெறித்த அன்று, மறைந்து போக வேண்டிய காலம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, மெயின் ரோடு வழியாகவே எல்லாரும் கொட்டகைக்கு வந்தார்கள். மண்வெட்டியும் கரிச்சேறுமாக வந்தவர்களைப் பார்த்தவுடன் கூட்டம் எழுந்தது. வெள்ளைச்சாமி சொன்ன சொல்லை அத்தனை பேரும் சொன்னார்கள். ஒருவன் செங்கமலத்தின் கையிலிருந்த சட்டியைப் பிடுங்கி உடைத்தான். இன்னொருவன் கண்ணையனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அவன் புண்காலோடு சாக்கடையில் விழுந்தான்.

மேடையில் மைக்குக்கு முன்னால் மாடசாமி நின்றுகொண்டிருந்தார். வீரம்மாள் அவரையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். "நான்தான் அனுப்பினேன்" என்று சொன்னால் கூட்டம் அடங்கிவிடும். கொஞ்சம் முன்புதான் அவர் சுரங்கத்தில் ஒரு மண்வெட்டிகூட அசையவில்லை என்று முழங்கியிருந்தார். இப்போது எப்படிச் சொல்வார்? தோளில் கிடந்த சிவப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டு, "அமைதி, அமைதி தோழர்களே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வேலைநிறுத்தம் ஜெயித்தது. வேலைநிறுத்தத்தில் நின்ற காண்ட்ராக்ட் ஆட்களைப் படிப்படியாகக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், இடையில் வேலை பார்த்தவர்களுக்கு அது கிடையாது என்று ஒப்பந்தம். வாய்க்கால் ஆட்கள் வேலை பார்த்தவர்கள் என்று நிர்வாகம் சொன்னது. அவர்கள் சொல்வார்கள், அவர்களுக்கு ஆள் குறைந்தால் லாபம். சங்கமும் வாயை மூடிக்கொண்டிருந்ததே, அதை என்னவென்று சொல்வது? சுரங்கம் முழுகாமல் காத்தவர்கள் வெளியே நின்றார்கள். காத்துக்கொடுத்த சுரங்கத்துக்குள் மற்றவர்கள் மாலை போட்டுக்கொண்டு போனார்கள்.

வீரம்மாள் மாடசாமியை அவருடைய குவார்ட்டர்ஸில் போய்ப் பார்த்தாள். அவர் மனைவி சுப்புலட்சுமி மோர் கொடுத்தாள். வீரம்மாள் அதைத் தொடவில்லை.

"நீங்க சொல்லித்தானே எறங்குனோம்? ஆபீசுல வந்து அதச் சொல்லுங்க தோழரே. வேற ஒண்ணும் நாங்க கேக்கல."

"சொல்லாம இருப்பனா? கொஞ்சம் பொறுங்க. கட்சிக்குள்ளயே நெலம சரியில்ல. இப்பொ இதச் சொன்னா, முதலாளிக்குச் சுரங்கத்தக் காப்பாத்திக் குடுத்தேன்னு என்னய நாறடிச்சிருவானுக."

"எங்கள நாறடிச்சிட்டாங்களே, அது பரவாயில்லீங்களா?"

அவர் மோர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

பொறுத்தார்கள். கண்ணையனின் கால் பொறுக்கவில்லை. கடலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, விரல்களோடு பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் கட்சி இரண்டாக உடைந்தது. நெய்வேலிச் சங்கமும் உடைந்தது. மாடசாமி ஒரு பக்கம், பல வருஷம் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பரமசிவம் மறுபக்கம். கோயம்புத்தூர்க்காரரான பரமசிவம் தாமாகவே வீரம்மாளின் குடிசையைத் தேடிக்கொண்டு வந்தார். அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"ஏனுங்கம்மா, மாடசாமிதான் உங்கள எறக்கிவிட்டாருன்னு எங்க மேடையில வந்து சொல்லோணும். நிர்வாகத்துக்குக் கையாளா இருந்தாருன்னு அம்பலமாயிருமுங்க."

"சொல்றேன். அப்ப நாங்க கருங்காலி இல்லன்னு நீங்க சொல்வீங்களா?"

பரமசிவம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாருங்க, வேலைநிறுத்தத்துல எறங்கி வேலை செஞ்சது தப்புத்தானுங்க. நீங்க அறியாம செஞ்சுட்டீங்க. அப்படித்தான் நாங்க சொல்லுவோமுங்க."

"அறியாமயா?" வீரம்மாள் எழுந்தே விட்டாள். "அறிஞ்சுதான் செஞ்சோம். சொரங்கம் முழுகியிருந்தா நீங்க எந்த மேடையில நின்னு பேசிக்கினு இருப்பீங்க? ஒருத்தரு எங்கள மறைச்சாரு. நீங்க எங்கள வெச்சு அவர அடிக்கப் பாக்கறீங்க. இங்க எங்களுக்குன்னு யாரு இருக்காங்க? எழுந்து போங்க."

அடுத்தது கொட்டகைச் சண்டை. உலகத்தில் தொழிலாளிக்கு இருக்கிற குறையெல்லாம் தீர்ந்துவிட்டது போல, கொட்டகை யாருக்கு, பெஞ்சு யாருக்கு, கொடிக்கம்பு யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு கோஷ்டியும் கம்பைச் சுற்றி நின்றுகொண்டு, நாங்கள் ஏற்றும் கொடிதான் இதில் பறக்கும் என்று கத்திக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு ஏணி வேறு. போலீஸ்காரர் இருவர் வெள்ளைச்சாமி கடையில் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான், இன்னும் காண்ட்ராக்ட் கூலிகளாகவே இருந்த வாய்க்கால் ஆட்கள் ஷிப்ட் முடிந்து வந்தார்கள். முன்னால் வீரம்மாள், பக்கத்தில் செங்கமலம், பின்னால் மண்வெட்டிகளோடு மற்றவர்கள். நேரே கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கம்பின் அடியில் வெட்டத் தொடங்கினாள் வீரம்மாள். வருஷக்கணக்காகச் சேறு வெட்டிய கைகள். மற்றவர்களுக்கு விஷயம் புரிவதற்குள் பாதிக் குழி ஆகிவிட்டது.

"ஏம்மா, என்ன செய்யுதீங்க?" மாடசாமி ஓடிவந்தார்.

"பாத்தா தெரியல? எங்க கம்ப நாங்க எடுத்துக்கினு போறோம்."

"இது சங்கத்துச் சொத்து, வீரம்மா."

வீரம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அன்றுவரை அவரை நீங்க என்று சொன்னவள்.

"எந்த சங்கம்? யாரு சங்கம்? இந்தக் கம்ப நட்டப்ப நீ எங்க இருந்த? பண்ணையாரு ஆளு என் மசுர புடிச்சி இழுத்தான், அப்பவும் இத நான் வுடல. மிஷினு வந்து ஊர வாரிக்கினு போச்சு, அப்பவும் வுடல. ஒன்ன நம்பிக் கொண்டாந்து குடுத்தேன். என் ஊட்டுக்காரன் காலு போச்சு. ஒரு வார்த்த, மைக்குல ஒரே ஒரு வார்த்த சொன்னியா நீ?"

பரமசிவம் சந்தர்ப்பம் பார்த்து, "கேளுங்க தோழர்களே, இந்த அம்மா சொல்றதக் கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

"நீயும் வாய மூடு" என்றாள் செங்கமலம்.

கம்பைச் சாய்த்துத் தோளில் ஏற்றினார்கள். நுனியில் பழைய கொடி அப்படியே இருந்தது. வெயிலில் வெளுத்து, ஓரம் நைந்து போயிருந்தது. மாடசாமி இரண்டடி பின்னாலேயே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"கம்ப எடுத்துக்கிடுங்க. கொடிய மட்டும் அவுத்துக் குடுத்துருங்க, தோழர்."

வீரம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"கொடி மட்டும் ஒனக்கு எதுக்கு? தோள்ல துண்டா போட்டுக்கவா?"

மாடசாமியின் கை தோளுக்குப் போனது, துண்டைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். ஊர்வலம் போல அந்தக் கூட்டம் டீக்கடையைத் தாண்டிப் போனது. வெள்ளைச்சாமி கிளாஸைக் கழுவுவதாகக் குனிந்துகொண்டான்.

குடிசைகளுக்கு நடுவில், வாய்க்கால் ஆட்கள் எல்லாரும் பார்க்கிற இடமாகப் பார்த்துக் குழி வெட்டினார்கள். கண்ணையன் ஊன்றுகோலோடு தத்தித் தத்தி வந்து, குழியில் இறக்கிய கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். கொடியை ஒரு தடவை பார்த்தான், வீரம்மாளை ஒரு தடவை பார்த்தான்.

"அவங்க சவகாசமே வேணாம்னுதானே கம்ப புடுங்கிக்கினு வந்த? கொடி எதுக்கு இன்னும்?"

"அவங்க சவகாசம் வேணாம். கொடி என்னா பண்ணுச்சு?" மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டே சொன்னாள் வீரம்மாள். "கோணலா புடிச்சிக்கினு நிக்காத. நேரா புடி."